நான் வந்தும் வராத நாட்கள்

எங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் யாரையும் அடித்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் படிப்பு அவர் வகுப்போடு நின்றுபோனது நிஜம். ஆனால் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க இப்போது தெம்பும் இல்லை.

தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். லாரி போனால் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும். மற்ற வகுப்புகளில் பிரம்புச் சத்தம் கேட்கும். எங்கள் வகுப்பில் சிரிப்புச் சத்தம்தான். சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு, நாங்கள் பேசினால் அவருக்கு. பின்னக் கணக்குச் சொல்லித்தர ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்தார். பாதியைத் தின்றார், மிச்சத்தில் பாதியைத் தின்றார், பிறகு மீதியையும் தின்றுவிட்டு, தோலைத் தூக்கிக் காட்டி, "இப்ப மிச்சம் எவ்வளவுலே?" என்றார். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டில் நாங்கள் ஆறு பிள்ளைகள். நான் நடுவில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா கிடங்கில் சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைக்கப் போவாள். யாருக்கும் யாரையும் தேட நேரமில்லை. ஒருமுறை அடுத்த வீட்டிலேயே தூங்கிப்போய் மறுநாள் காலையில்தான் வந்தேன். அம்மா, "தண்ணி புடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். படிப்பைப் பற்றி அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். "பாஸானா ஆறாவது போ. கோட் அடிச்சியா, ஆத்தாகூட கெடங்குக்கு போ."

எனக்குச் சத்தமாகப் பேச வராது. காலையில் பேர் கூப்பிடும்போது நான் சொல்கிற "உள்ளேன் ஐயா" எனக்கே கேட்காது. ஒருநாள் சார் என் பேரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"கஸ்தூரி வரலையோ? யாரும் பாத்தியளா?"

சாக்பீஸ் டப்பாவைத் திறந்து பார்த்தார். தண்ணீர்ப் பானையின் மூடியை எடுத்து, உள்ளே குனிந்து, "ஏ புள்ள" என்று கூப்பிட்டார். வகுப்பே சிரித்து உருண்டது.

"சார், இங்கதான் குந்திகினு கீறா சார்," என்று முன் பெஞ்சுக்காரி கத்தினாள்.

"இது வேற புள்ளல்லா. கஸ்தூரின்னா குரல் இருக்குமே."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நான் காணாமல் போவேன், சார் என்னைத் தேடுவார். ஒருமுறை, "கஸ்தூரி ஆப்சென்ட்" என்று சொல்லிப் பேனாவைக் காற்றில் ஆட்டினார். முன் பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "டபாய்க்கிறாரு. போடவே இல்ல," என்றாள். வேடிக்கை சப்பென்று போய்விட்டது. சிரிக்க வைக்கிறவர்களுக்கு அது பொறுக்காது போலிருக்கிறது. அடுத்த முறையிலிருந்து நிஜமாகவே போட்டார், மையினால். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பார். வருகைப் பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் மேலே கேள்வி வரும். அது ஞாபகம் வந்தபோது நாளாகியிருக்கும்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். பொங்கல் வருவதற்குள் எனக்குக் கொஞ்சம் குரல் வந்துவிட்டது. குழாயடிச் சண்டையில் வந்த குரல். நினைத்திருந்தால் சாருக்குக் கேட்கும்படி சொல்லியிருப்பேன். வேண்டுமென்றே உதட்டை மட்டும் அசைத்தேன். ஒரு பெரிய மனிதர் தன் வேலையை நிறுத்திவிட்டு என்னைத் தேடுகிறார். அதை விட்டுவிட மனம் வரவில்லை.

முழுப் பரீட்சை முடிந்த பிறகு தலைமையாசிரியை, நாங்கள் பெரிய டீச்சர் என்போம், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பதிவேடு விரித்துக் கிடந்தது. பக்கத்தில் சார், பாடம் ஒப்பிக்காத பையனைப் போல நின்றார். வந்த நாள் குறைந்தால் பாஸ் போட மாட்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் நின்ற நாட்களே ஏற்கெனவே நிறைய. அதன்மேல் இந்த விளையாட்டு நாட்களும் சேர்ந்திருந்தன. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

"இந்த நாளெல்லாம் பள்ளிக்கூடம் வந்தியா, வரலையா? வாயைத் திறந்து சொல்லும்மா," என்றார் பெரிய டீச்சர்.

"டீச்சர், அது வந்து..." என்று சார் ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க. அவ சொல்லட்டும்."

நான் சாரைப் பார்த்தேன். நம் விளையாட்டு பெரிய டீச்சர் அறைவரைக்கும் வந்துவிட்டது, நான் போய் அதைக் கெடுக்கக் கூடாது என்று தோன்றியது. "வரலை டீச்சர்," என்றேன். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

யாரும் சிரிக்கவில்லை. சார் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்போது நிரந்தரமாகாத வேலையில் இருந்தவர்.

அன்று சாயங்காலம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலை முடித்துக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு அம்மாதான் சொன்னாள்.

"புள்ள வந்திருந்தா. நான்தான் விளையாட்டுக்கு ஆப்சென்ட் போட்டுட்டேன்," என்றாராம் சார்.

"அத்தினி நாளும் வந்துகினு இருந்துச்சா?"

"வந்துச்சு. நாளைக்குப் பெரிய டீச்சர்கிட்ட நானே சொல்லிருதேன். அவளும் கூட வந்து, வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா பாஸ் போட்டிருவாங்க."

"உன் வேலைக்கு பேஜாராவாதா சார்?"

"ஆனா ஆயிட்டுப் போகுது."

அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். மூட்டை ஏறிக் காய்த்துப்போன தோள், எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குப் போகாது. "நாளிக்கு கப்பல் வந்துகீது. நா வர முடியாது. புள்ளைய கேளு சார். வரேன்னா இட்டுகினு போ. இல்லன்னா வுட்ரு. பொம்பள புள்ள, பேரு எழுத கத்துகிச்சு, போதும்."

பிறகுதான் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் சோற்றுக் கையோடு வெளியே வந்தேன். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மே, நாளிக்கு சாரோட போறியா?" என்று அப்பா கேட்டார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சார் கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்தார். "சொல்லு புள்ள," என்றார். அவர் உதடு லேசாகத் துடித்தது. எந்த வேடிக்கைக்கும் முன்னால் சிரிப்பை அடக்குகிறபோது அது அப்படித் துடிப்பதை நான் வருடம் முழுக்கப் பார்த்திருந்தேன். வாளியைக் கவிழ்த்துப் பார்க்கப் போகிறாரா, அப்பாவின் துண்டை உதறிப் பார்க்கப் போகிறாரா என்று எனக்கு ஆசை தாங்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவர் ஆரம்பிக்கட்டும் என்று நின்றேன்.

என் வார்த்தைக்காக அவரும் நின்றார்.