ஆள் வெள்ளிக்கிழமை ரிலீஸ்

என் கணவருக்குப் பைத்தியம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. டென்மார்க்கில் நாங்கள் வாழும் ஹேர்னிங்கில் இருக்கும் மற்றத் தமிழ் ஆண்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், கோயில் நிர்வாகத்தில் சண்டை பிடிப்பார்கள். இவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக் கேட்பார். அதிலும் புளூகிராஸ் என்று ஒன்று. பான்ஜோவும் பிடிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, ஒருவர் மூக்கால் அழுவார். நான் அதற்கு நீலப்புல்லுக் கச்சேரி என்று பெயர் வைத்திருந்தேன். "உங்கடை நீலப்புல்லைக் கொஞ்சம் குறையுங்கோ, சோறு அவியமாட்டனெண்டுது" என்று குசினியிலிருந்து கத்துவேன்.

இந்த வியாதி அவருக்குத் துணித் தொழிற்சாலையில் தொற்றியது. வந்த புதிதில் இவரை வேலைக்குக் காரில் ஏற்றிப்போன டேனிஷ்காரர் ஒருவர் வழியெல்லாம் இந்தக் கசெட்டுகளைத்தான் போடுவாராம். மொழி தெரியாத இருவருக்கும் அதுதான் பேச்சு. அந்தத் தொழிற்சாலை மூடி, இவர் தளபாடம் செய்யும் இடத்துக்கு மாறி எத்தனையோ வருடமாயிற்று. பாட்டு மட்டும் விடவில்லை.

அதோடு நின்றாலாவது பரவாயில்லை. தன்னைப்போல இன்னும் ஏழெட்டுப் பேரைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் வைத்திருந்தார். ஹோர்சன்ஸில் லொறி ஓட்டும் ஒருவர், எஸ்பியர்க்கில் ஒருவர், நோர்வேயில் இரண்டு பேர், கனடாவில் ஒரு கடைக்காரர். எல்லாரும் தமிழர்கள். இவர்தான் அவர்களுக்குச் செய்தி வாசிப்பவர். யாருடைய இசைத்தட்டு எப்போது வருகிறது, எந்தக் குழுவிலிருந்து எந்தப் பிடில்காரர் கோபித்துக்கொண்டு போனார், எவர் திரும்பவும் மேடை ஏறப்போகிறார், எல்லாம் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவருவதால் வியாழன் காலை, வேலை இடைவேளையில், குரல் பதிவு அனுப்புவார். அந்த நேரத்துக்கு அவருடைய குரலே மாறிவிடும். வானொலி அறிவிப்பாளர் கெட்டார்.

அதில் ஒரு விளையாட்டும் வைத்திருந்தார். முதல் பதிவில் பாடகரின் பெயரைச் சொல்லமாட்டார். 'ஆள்' என்று மட்டும் சொல்லிக் குறிப்புக் கொடுப்பார். மற்றவர்கள் யாரென்று ஊகித்து எழுத வேண்டும். அதன் பிறகுதான் இரண்டாவது பதிவில் பெயர் வரும்.

'ஆள்' என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் நாங்கள் எவரும் பெயர் சொல்லிப் பேசமாட்டோம். யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தெரியாது. "ஆள் சுகமோ? ஆள் அங்காலை போட்டாரோ?" இவ்வளவுதான். என் தம்பியைப் பற்றி நானும் அம்மாவும் அப்படித்தான் பேசினோம். இவரும் அப்படித்தான் பேசினார். பிறகு போர் முடிந்தது. தம்பியை அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இராணுவத்திடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. போர் முடிந்தும் எங்கள் வாயிலிருந்து அவன் பெயர் வெளியே வரவில்லை. ஆள் என்றால் எங்கள் வீட்டில் அவன்தான்.

ரிலீஸ் என்ற சொல்லும் அப்படி. இவருக்கு அது பாட்டு. ஊரிலே அது தடுப்பு முகாமில் இருப்பவர்கள் வெளியே வருவது. "இன்னாற்றை மகனை ரிலீஸ் பண்ணிப்போட்டாங்களாம்" என்று கேட்டால் அந்தத் தெருவே ஓடும்.

அந்த வியாழக்கிழமை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலை வேலைகள் முடிந்து, தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்து கைத்தொலைபேசியை எடுத்தேன். அம்மா திரும்பத் திரும்ப அழைத்திருந்தார். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எடுத்த உடனே அழுகையும் சிரிப்பும் கலந்து அவருடைய குரல் வந்தது.

"பிள்ளை, ரிலீஸாம்! வெள்ளிக்கிழமை ரிலீஸாம்! மருமகன் சொல்லிப்போட்டார்!"

"என்னம்மா சொல்லுறியள்? ஆரை?"

"ஆளையடி! குடும்பக் குழுவிலை போட்டிருக்கிறார், நீ கேக்கேல்லையே? நான் இஞ்ச கொட்டகையிலை எல்லாருக்கும் போட்டுக் காட்டினனான். இஞ்ச எல்லாரும் கேக்கினம், அவனோடை வேறை ஆரும் வாறினமோ எண்டு. மருமகனைக் கேட்டுச் சொல்லு பிள்ளை."

கொட்டகை என்றது வீதியோரத்தில் தகரம் போட்ட பந்தல். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் படங்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா காலையில் போனால் பொழுது படத்தான் வீடு திரும்புவார்.

அழைப்பைத் துண்டித்துவிட்டுக் குடும்பக் குழுவைத் திறந்தேன். இவருடைய குரல்தான். அந்த அறிவிப்பாளர் குரல்தான்.

"உறவுகளுக்கு வணக்கம். செய்தி உறுதியாகிட்டுது. ஆள் உயிரோடைதான் இருக்கிறார். வாற வெள்ளிக்கிழமை ரிலீஸ். கனகாலமாய் ஒரு சத்தமும் இல்லை. கனபேர் ஆள் முடிஞ்சுது எண்டே நினைச்சிட்டினம். நான் ஒருநாளும் நம்பேல்லை. ஆர் எண்டு நான் சொல்லவும் வேணுமோ?"

இதைப் படிக்கிறவர்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. கிழமை தவறாமல் இந்தக் கூத்தைக் கேட்டுக் கேலி செய்த எனக்கு, அது கூத்து என்று தோன்றவே இல்லை. உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட பிறகு எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தோய்த்து மடித்த துவாய்களில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கலியாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதற்குள் ஒரு கோபமும் வந்தது. எனக்கு முதலில் சொல்லாமல் ஊருக்கெல்லாம் அறிவிக்கிறாரே இந்த மனிதர் என்று. முன்பு தம்பி விஷயமாக ஒரு சட்டத்தரணியோடு இவர் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு ஆசை காட்டி ஏமாற்றக் கூடாதென்று மறைத்து வைத்திருக்கிறார் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

பலதரம் அழைத்தேன். எடுக்கவில்லை. மெசின் அருகில் நிற்கும்போது எடுக்கமாட்டார்.

மணி அடித்தது. ஒரு டேனிஷ் மூதாட்டியைக் கதிரையிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். "என் தம்பி வருகிறான்" என்று டேனிஷில் சொன்னேன். அந்த மொழியில் அவனைப் பற்றி நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"எவ்வளவு நல்ல செய்தி! எங்கே இருந்து வருகிறார்?" என்றார்.

சிரித்துக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டேன்.

நடைபாதையில் நிற்கும்போது இவர் திரும்ப அழைத்தார். பின்னால் மெசின் இரைந்தது.

"என்னப்பா, இத்தினை தரம் எடுத்திருக்கிறீர்?"

"எந்தக் காம்பிலை வைச்சிருந்தவங்களாம்?" என்று கேட்டேன். என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது.

"ஆரை?"

"தம்பியை."

மெசின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அது தூரமானது. வெளியே போய்விட்டார் என்று தெரிந்தது. குழுவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். "ஐயோ" என்றார். "ஐயோ, கையுறையோடை அமத்தினனான். குழு மாறிப்போச்சு. அது... அது ஒரு பான்ஜோக்காரனப்பா. கிழவன். கனகாலத்துக்குப் பிறகு ஒரு தட்டுப் போடுறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். அந்த இல்லத்தில் நான் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றபோது சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். என் தம்பி எனக்கு இரண்டாவது தடவையாக இல்லாமற்போனான். முதல் தடவை நாட்கணக்கில், மாதக்கணக்கில், கொஞ்சங் கொஞ்சமாகப் போனான். இந்தத் தடவை ஒரே நொடியில் போனான். எது மோசம் என்று கேட்டால் இதுதான் என்பேன்.

அம்மாவிடம் யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். இவர் விடவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்னை ஏற்றினார். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல், இல்லத்தின் கார் தரிப்பிடத்திலேயே வைத்து அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். அம்மா இன்னும் கொட்டகையில்தான் இருந்தார். பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. ஓயாத பேச்சும் சிரிப்புமாக, ஒரு கலியாண வீட்டுச் சத்தம்.

"மாமி, நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்று தொடங்கினார். முழுவதையும் சொன்னார். பாட்டு, தட்டு, குழு, கையுறை எல்லாம். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், நின்ற காரில்.

அம்மா கேட்டார்.

"அந்தப் பாட்டுக்காரருக்கு என்ன வயசு?"

"எழுபது தாண்டிட்டுது மாமி."

"தாய் இருக்கிறாவோ?"

"இருக்கமாட்டா மாமி."

"ம்" என்றார். "நீங்கள் அழாதேங்கோ தம்பி. சாப்பிட்டனீங்களோ?" பிறகு என்னிடம், "இவையளுக்கு நான் சொல்லுறன் பிள்ளை. நீ வை" என்றார்.

வைத்தேன். அம்மா எழுந்து நின்று அந்தப் பெண்களிடம் என்னென்று சொல்லியிருப்பார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் துணிவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் இல்லத்தில் வேலை முடிந்து போகிற ஒவ்வொருவரும் வழக்கம்போல "கோ வீக்கெண்ட்" என்று டேனிஷில் வார இறுதி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கிழவரின் தட்டு வெளிவந்தது. இவர் கேட்கவில்லை. தன் குழுவுக்கு ஒரு பதிவும் போடவில்லை. ஹோர்சன்ஸ் லொறிக்காரர் அழைத்து, "அண்ணை, இந்தக் கிழமை ஆள் ஆர் எண்டு கேக்காமல் விட்டிட்டியள்" என்று கேட்டபோது இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு நான்தான் பதில் சொன்னேன். அதன் பிறகு கிழமைக் கணக்கில் வீட்டில் பான்ஜோ சத்தமே இல்லை. சோறு ஒழுங்காக அவிந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, "போய் உங்கடை ஆக்களுக்குச் செய்தி சொல்லுங்கோ, என்னாலை இந்த மூஞ்சையைப் பார்க்கேலாது" என்று நானே கலைத்துவிட்டேன். இப்போது சொல்கிறார். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறார். ரிலீஸ் என்று சொல்வதில்லை. பாட்டு வருது என்கிறார். ஆள் என்ற சொல்லும் அவர் வாயில் வருவதில்லை.

குடும்பக் குழுவில் அந்தப் பதிவை எல்லோரும் அழித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அம்மாவோடு பேசும்போது, அழித்தாயிற்றா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இல்லை" என்றார்.

"ஏனம்மா? பிழை எண்டு தெரியும்தானே. வைச்சுக்கொண்டு என்ன செய்யப்போறியள்?"

"தெரியும். எத்தினை கந்தோர் ஏறி இறங்கினன் பிள்ளை. ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. மருமகன் ஒராள்தான் சொன்னவர். வெள்ளிக்கிழமையிலை ஒருக்காப் போட்டுக் கேப்பன்."

தனியாக இருந்து இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் கெட்டுப்போகும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"தனியவோ? கொட்டகையிலை மற்றவையும் கேட்டு வாங்கிக் கேக்கினம்" என்றார் அம்மா. "அதிலை பேர் சொல்லேல்லைத்தானே பிள்ளை. ஆற்றை பிள்ளையாயும் இருக்கலாம்."