பாட்டு பாய் வீட்டுக்கு வழி

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு நூற்று இருபது ரூபாய். என் வயதில் ஒருத்தி தோளில் காலிப் பையோடு தனியாகச் செஞ்சி டிக்கெட் கேட்டதும் கண்டக்டர், "கோட்டை பாக்கவா மேடம்?" என்றார். "இல்லை, ஒருத்தரோடு சண்டை போட" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சண்டைய முடிச்சிட்டு நாலு மணி வண்டிய புடிச்சிடுங்க. அப்புறம் கூட்டம் ஏறிடும்" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சண்டை ஜலீல் பாயோடு. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். மற்ற கடைகளில் சினிமாப் பாட்டுத் தட்டுகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் ஜாஸ் தட்டுகள் அவர் கடையில் மட்டும் வாசலை ஒட்டிய முதல் அலமாரியில் இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாம் தேடும் தட்டு எங்காவது பழைய வீட்டுச் சாமான்களோடு வந்து சேர்ந்தால், அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே நம் பெயரை எழுதி, மேஜைக்கு அடியில் வைத்துவிடுவார். பிறகு போன் வரும். "மேடம், ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்." எவ்வளவு தாமதமாகப் போனாலும் அது அங்கே இருக்கும். வீட்டில் கடைசியாக வருகிறவருக்குச் சோறு எடுத்து வைப்பதுபோல.

கடந்த மாசி மாதம் எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. நான் பெரம்பூரில் பிறந்தவள். சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகி, இருபத்திரண்டு வயதில் ஒரு ஓட்டலில் ஜாஸ் குழுவோடு பியானோ வாசித்தேன். அந்தக் குழு தன் கைக்காசைப் போட்டு ஒரே ஒரு தட்டு வெளியிட்டது. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முழுக்க என் பியானோதான். அப்புறம் ரயில்வே கணக்குப் பிரிவு, கல்யாணம், குழந்தைகள், அவ்வளவுதான் என் ஜாஸ். என்னிடம் இருந்த தட்டு, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒரு மழைக்காலத்தில் போயிற்று. அதைத்தான் பாய் கண்டுபிடித்து எடுத்து வைத்திருந்தார். நான் அப்போது கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தேன். எழுந்து போவதற்குள் கடை இல்லை. அதே மாடியில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். பாயின் எண் அணைக்கப்பட்டிருந்தது. செஞ்சிக்குப் போய்விட்டார் என்று மட்டும் அந்த உறைக் கடையில் சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படியா ஒரு மனுஷன் கடையை மூடுவார்?

திண்டிவனத்தில் வண்டி கால் மணி நேரம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், வெந்நீருக்கு விலை அதிகம். அங்கே உட்கார்ந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். சென்னையில் ஜாஸ் தட்டு சேர்ப்பவர்களின் குழு. பாயின் கடை மூடிய செய்திக்கு அழுகிற முகங்கள் வந்து குவிந்திருந்தன. ஒருவர் "ஒரு யுகம் முடிந்தது" என்று எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த யுகத்தை முடித்ததே இவர்கள்தான். பாயின் கடைக்கு வந்து, மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து, தட்டுகளின் அட்டை உறைகளைப் புரட்டி, பின்பக்கம் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வெளிநாட்டிலிருந்து புதுத்தட்டு வரவழைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் போனிலேயே ஓசியில் கேட்பார்கள். அழுகிற முகம் போடக் காசு ஆகாது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். கடைசிச் சில கிலோமீட்டரில் நிலம் மாறுகிறது. வயலுக்கு நடுவே பாறைகள் குவியல் குவியலாக எழும்பி நிற்கின்றன. ராஜகிரிக் கோட்டை தெரிந்ததும் பஸ்ஸில் இருந்த இளைஞர்கள் எழுந்து போட்டோ எடுத்தார்கள். இடிந்து முடிந்ததைப் பார்க்க டிக்கெட் வாங்கி மலையேறுகிறோம். கண் முன்னால் ஒன்று இடியும்போது இரண்டாவது மாடிக்கு ஏற முட்டி வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை செஞ்சியில் ஆட்டுச்சந்தை. சந்தை கலைகிற நேரம். பஸ் நிலையத்தைச் சுற்றி ஆடுகளும் மினி லாரிகளுமாக நகர இடமில்லை. ஆட்டோக்காரரிடம், "இங்கே ஜலீல் பாய்னு, ரெக்கார்டு கடை வெச்சிருந்தவர் வீடு தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெக்கார்டா? ஏறுங்கம்மா" என்றார் உடனே.

இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். அவர் கொண்டுபோய் நிறுத்தியது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுகிற கடையில்.

"இது இல்லைங்க, ரெக்கார்டு."

"இங்கதான்மா பட்டா, சிட்டா, வில்லங்கம், எல்லா ரெக்கார்டும் எடுத்துக் குடுப்பாங்க."

விளக்கினேன். அவர் தலையாட்டினார். அடுத்து நின்றது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் கடை. "ரெக்கார்டு நோட்டு இருக்குது பாருங்க" என்று கையைக் காட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "பாட்டுத் தட்டுங்க! கறுப்பா, வட்டமா, சுத்துமே!" என்று கத்தினேன். கடைக்காரர் பயந்து எட்டிப் பார்த்தார்.

"அட, பாட்டு பாயா! இன்னாம்மா நீ, இத்த மொதல்லயே சொல்றதில்ல?" என்று ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். மூன்று இடத்துக்கும் சேர்த்து எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் பள்ளிவாசல் தெருவில், பச்சைக் கதவு போட்ட வீடு. பாயின் தங்கை பர்வீனுடைய வீடு அது. அவர் கணவர் விதை வேர்க்கடலை வியாபாரி. வாசலிலேயே மூட்டைகள் அடுக்கியிருந்தன. பாய் லுங்கியோடு வெளியே வந்தார். மெலிந்திருந்தார். நான் வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளைக் கொட்டினேன். சொல்லாமல் மூடலாமா, போனை அணைக்கலாமா, முப்பது வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று கேட்டேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. என் கோபம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"யார்கிட்ட சொல்லணும் மேடம்? கடைசி ஒரு வருசம் காலைல ஷட்டர் தூக்குறேன், ராத்திரி எறக்குறேன். நடுவுல வர்றவன் எல்லாம் போட்டோ புடிக்கிறான். எடுத்து வெச்சிருக்கேன், வாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டேன். டிராபிக்குன்றான், டென்சன்றான், அடுத்த வாரம்ன்றான். அப்புறம் போன எதுக்கு வெச்சிக்கணும்? அணைச்சிட்டேன்."

கடையில் இருந்த தட்டுகள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு இசைத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அத்தனையும் வெறும் தட்டு. ஒன்றுக்குக்கூட அட்டை இல்லை.

"கடற்கரை ரிசார்ட்டுக்கு ரூம் அலங்காரம் பண்றவன் ஒருத்தன் வந்தான். சுவத்துல மாட்ட அட்டை மட்டும் போதுமாம். தட்டு வெயிட்டு, நீங்களே வெச்சிக்கோங்க பாய்ன்னுட்டான். கடைய காலி பண்ண மூணு நாள்தான் கெடு. இன்னா பண்ணுவேன்?"

சந்தையில் தோலை மட்டும் உரித்து வாங்கிக்கொண்டு ஆட்டை விட்டுப் போனவனைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்த அட்டைகள் இப்போது ஏதோ குளிர்சாதன அறையில் கட்டிலுக்கு மேலே தொங்கும். படுத்திருப்பவனுக்கு அதில் சாக்ஸபோன் வைத்திருப்பவர் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டான். அவனைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

"உங்களுது பத்திரமா இருக்குது" என்றார் பாய். அலமாரியைத் திறந்தார். செய்தித்தாள் சுற்றிய பொதிகள் ஒரு அடுக்கு நிறைய, ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய பெயரோடு, செங்குத்தாக நின்றன. எடுத்து வைத்தவை. "இதுல ஒண்ணக்கூட அந்த ஆளு தொட வுடல" என்றார்.

என் பெயர் எழுதியதைப் பிரித்தேன். அதே அட்டைதான். பின்பக்கம் பொடி எழுத்தில் 'பியானோ: மிஸ் எஸ்தர்' என்று இருந்தது. உள்ளேயிருந்த தட்டை உருவினேன். அது ஆங்கில உச்சரிப்புப் பாடம், பாகம் இரண்டு.

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். வந்த அன்றைக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டு முடித்து வெளியே வைத்தது, காலி செய்யும் அவசரத்தில் வெறும் தட்டுகளோடு போய்விட்டது; பக்கத்தில் கிடந்த வேறொன்று இந்த அட்டைக்குள் போயிருக்கிறது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தக் குவியலை முழுதும் பார்த்தோம். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிந்தது. லேபிள் லேபிளாகப் படித்தோம். இல்லை. பாய் என் முகத்தையே பார்க்கவில்லை. அவரைத் திட்டவும் என்னிடம் தெம்பில்லை.

டீ கொண்டுவந்த பர்வீன் கேட்டார்: "ஏண்ணே, கயித்துல மாட்டுனதுல பாத்தீங்களா?"

"எந்தக் கயித்துல?"

"மல்லாட்ட ரூம்புல. எலி எறங்குதுன்னு நாந்தான் நாலு எடுத்துக் கோத்தேன். சும்மாத்தான கெடக்குதுன்னு."

வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்கிறார்கள். அந்த அறையில் உத்தரத்திலிருந்து விதைப் பைகள் கயிற்றில் தொங்கின. ஒவ்வொரு கயிற்றிலும் பாதி தூரத்தில், கீழே முடிச்சுப் போட்டு, ஒரு இசைத்தட்டு குடைபோலக் கோத்திருந்தது. மேலேயிருந்து கயிற்றில் இறங்கும் எலி தட்டின்மேல் வந்து வழுக்கிவிடும். மூன்றாவது கயிற்றில் சிவப்பு லேபிள். அதுதான். என் பியானோ இருக்கும் பக்கம் மேலே பார்த்திருந்தது. நகக்கீறல்கள் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஓடியிருந்தன.

"எலி வருதா இப்போ?" என்று பர்வீனிடம் கேட்டேன்.

"ஒண்ணுகூட வரல மேடம்" என்றார் சந்தோஷமாக. பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுதா அது? அய்யோ, தெரியாம பண்ணிட்டேன்" என்றார். அவரே ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்துக் கொடுத்தார். காலியான கயிற்றில் உச்சரிப்புப் பாடத்தைக் கோத்தோம்.

கிளம்பும்போது, அலமாரியில் மீதியிருந்த பொதிகளை நானே எடுத்துப்போய் அவரவரிடம் சேர்ப்பதாகச் சொன்னேன். பாய் அலமாரியைச் சாத்தினார்.

"வேணாம் மேடம். அவங்களுக்குன்னு எடுத்து வெச்சது. அவங்கதான் வரணும்."

"வர மாட்டாங்க பாய்! சென்னையிலேயே மாடி ஏறாதவங்க செஞ்சிக்கா வருவாங்க?"

"நீங்க வந்தீங்கல்ல."

பர்வீன் வாசல்வரை வந்து தணிந்த குரலில் சொன்னார்: "கார்த்திகைப் பட்டத்துக்கு வெத லோடு வருது. அலமாரி வேணும்ன்றாரு எங்க வூட்டுக்காரரு. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நாலு மணி வண்டியையே பிடித்தேன். இரவு வீட்டில் தட்டைப் போட்டேன். பியானோ தொடங்கும் இடத்தில் டிக், டிக், டிக் என்று எலி ஓடுகிறது. அதற்கு அடியில் இருபத்திரண்டு வயது எஸ்தர் வாசிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள். எனக்கு எலிமேலும் கோபமில்லை, பர்வீன்மேலும் இல்லை.

கோபம் உங்கள்மேல். அழுகிற முகம் போட்டவர்களே, அலமாரியில் இருந்த பெயர்களை நான் பார்த்தேன். யார் யாரென்று எனக்குத் தெரியும். கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறுங்கள். டிக்கெட் நூற்று இருபது. திண்டிவனத்தில் டீ குடிக்காதீர்கள். செஞ்சியில் இறங்கி, மறந்தும் ரெக்கார்டு என்று கேட்காதீர்கள். பாட்டு பாய் என்று கேளுங்கள். பச்சைக் கதவு. கார்த்திகைக்குள் போங்கள். இன்னும் எடுத்து வைத்திருக்கிறார்.