கவாத்து மாதத்துப் படம்

எங்கள் மின்னணுவியல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்குத்தான் மரியாதை. செயற்கைக்கோள் படத்தை வைத்து எந்த வயலில் என்ன பயிர் என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜோசியக்காரி'. கண்ணுக்கே தெரியாததைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் பேசுகிற பேச்சா இது என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

தை மாதம் முனைவர் பட்ட ஆய்வுக்குழுவின் முன் நின்றேன். அன்று தேறாவிட்டால் வேறு தலைப்பு எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர், எங்கள் ஊரான அகரம் பக்கத்து வயல்களின் மார்கழிப் படத்தைத் திரையில் போடச் சொன்னார். பல வயல்கள் வெறும் மண்ணாகத் தெரிந்தன.

"இது தரிசும்மா. உங்க புரோகிராம் மல்லிகைன்னு சொல்லுது" என்றார்.

என் கைடு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள் நான்.

"மார்கழியில செடியக் கவாத்து வெட்டி, இலையெல்லாம் உருவி விட்டுருவோம் சார். தண்ணியும் பாய்ச்ச மாட்டோம். அப்பத்தான் பங்குனியில பூ கொட்டும். மத்த மாசமெல்லாம் பச்சையா இருந்துட்டு இப்ப மட்டும் எது மொட்டையா நிக்குதோ, அதான் மல்லிகை. புரோகிராமுக்கு நான் சொல்லிக் குடுத்ததே அதத்தான்."

அவர் நம்பவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நேர்லயே போயிருவோம் சார், அரை மணி நேரந்தான்" என்றேன். அச்சடித்த வரைபடத்தோடு ஆய்வுக்குழு மொத்தமும் கல்லூரி ஜீப்பில் ஏறினோம்.

தாடிக்கொம்பைத் தாண்டியதும், அவர் வரைபடத்தில் விரல் வைத்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினோம். புரோகிராம் மல்லிகை என்று சொன்ன இடத்தில் கவாத்து வெட்டிய குச்சிகள் நின்றன. இல்லை என்று சொன்ன இடத்தில் மக்காச்சோளமும் தென்னையும். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. நான் ஜீப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசியாக அவர் விரல் வைத்தது எங்கள் தோட்டத்தில். எங்கள் தோட்டம் முழுக்க மல்லிகை. வரைபடத்திலோ கிழக்கு மூலை மட்டும் 'வேறு பயிர்' என்று இருந்தது. போயும் போயும் சொந்தத் தோட்டத்திலா கவிழ வேண்டும்?

போய்ப் பார்த்தால், கிழக்கு மூலையில் சின்ன வெங்காயம் பச்சைப் பசேலென்று நின்றது. அதில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"இங்க மல்லிகதானம்மா இருந்துச்சு?"

"வேரு அழுகிப்போச்சு. புரட்டாசியிலயே பிடுங்கிப் போட்டுட்டோம். நீ வீட்டுக்கு வந்தா கம்ப்யூட்டரத் தொறந்து வச்சு உக்காந்துக்கிருவ. தோட்டத்துப் பக்கம் என்னைக்கு எட்டிப் பாத்த?"

நிபுணர் வரைபடத்தைக் காட்டி, வானத்திலிருந்து எடுத்த படம் என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மா அந்த மூலையை உற்றுப் பார்த்தாள்.

"அம்புட்டு ஒசரத்துல சுத்துறதுக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்த பிள்ளைக்குத் தெரியல."

நிபுணர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வரப்பில் நின்றபடியே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் நின்றதில்லை.