ஒன்பதாவது ஞாயிறு

நேப்பிள்ஸில், வெள்ளிக்கிழமை விரிவுரையின் நடுவில், பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மேசைக்குக் கீழே பிடித்திருந்த கைத்தொலைபேசியில் பலேர்மோ கப்பலுக்கு மலிவுக் கட்டணம் போட்டிருந்தார்கள். கட்டில் கிடையாது, நாற்காலி மட்டும். இரவு ஏறினால் காலையில் சிசிலி. ஞாயிறு இரவு திரும்ப ஏறினால், இறங்கிய கையோடு திங்கட்கிழமைப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். தங்கவும் செலவில்லை, மாமியின் மகள், என் மச்சாள், அங்கேதான் இருக்கிறாள். விரிவுரை முடியுமுன் சீட்டு வாங்கிவிட்டேன். எதையும் ஆறப்போட்டுச் செய்கிற பழக்கம் எனக்கில்லை.

கப்பலில் ஏறிய பிறகுதான் மச்சாளுக்குச் செய்தி அனுப்பினேன். "வா. நாளைக்கு மத்தியானம் வரை வேலை. திறப்பு என்னட்டை" என்று பதில் வந்தது. சாவி அவளிடம் என்றால் மத்தியானம் வரை நான் தெருவில் என்பது மறுநாள்தான் உறைத்தது.

நாற்காலி சாயவில்லை. லொறி ஓட்டிகள் அனுபவசாலிகள். தரையில் போர்வை விரித்து நீட்டி நிமிர்ந்து கிடந்தார்கள். நான் கழுத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று விடியும்வரை தேடினேன். பலேர்மோவில் இறங்கியபோது மழை. மச்சாளின் அறை இருக்கும் போர்கோ வெக்கியோ பகுதி துறைமுகத்துக்குப் பக்கம்தான், ஆனால் பூட்டிய வீட்டுக்குப் போய் என்ன செய்வது? முதுகுப்பையோடு நடக்கத் தொடங்கினேன். உள்ளே போகச் சீட்டு வாங்கவேண்டிய தேவாலயங்களை எல்லாம் வெளியே நின்று பார்த்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பையை வைக்கக் கேட்ட வாடகை என் மதியச் சாப்பாட்டைவிட அதிகமாக இருந்ததால், பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் தண்ணீர். இந்தக் கண்டத்துக்கு வந்ததிலிருந்து நான் பார்த்த நகரங்களில் பாதியை இப்படி வாங்குகளிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் சந்தைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையின் கதவைத் திறந்துவிட்டு, மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி, கப்பல் பிந்துமெண்டு நீந்தியே வந்தனீ?"

"சோறு கிடக்கே?"

"படிச்ச பிள்ளை. வந்த உடனை சுகம் விசாரிக்கிற வடிவைப் பார்."

சோறும் மீன்குழம்பும் இருந்தன. ஜன்னலோரம் அவளுடைய கணவரின் படமும், பக்கத்தில் மலைக் குகைக் கோயிலில் இருக்கும் புனிதையின் படமும் இருந்தன. அவர் மன்னாரில் இருக்கிறார். கலியாணம் முடிந்த கையோடு இவள் வேலைக்குத் திரும்பியவள். அவரைக் கூப்பிடுகிற காகிதங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. விசா மட்டும் கொழும்பில் அசையாமல் கிடந்தது.

அதற்காக ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். நகரத்தின் ஓரத்தில் அந்தப் புனிதையின் குகை இருக்கும் மலையில், கல் பாவிய பழைய நடைபாதையால், ஒன்பது ஞாயிறு தொடர்ந்து வெறுங்காலோடு ஏறுவது. பலேர்மோத் தமிழர்களில் அந்த மலை ஏறாதவர்கள் குறைவு, சைவசமயக்காரரும் ஏறுகிறார்கள். எட்டு ஞாயிறு முடிந்திருந்தது. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"ஆர் போட்ட சட்டம் அது?"

"நான்தான். நேரக்கை அப்பிடித்தான் சொல்லி நேந்தனான்."

வேறு யாராவது போட்ட சட்டமென்றால் வாதாடிப் பார்த்திருக்கலாம்.

விடியவே மலையேறிவிட்டு வந்து என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். நான் ஈரக் காலுறைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய தொலைபேசி அடித்தது. அவள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், மகள். ஞாயிறுகளில் தாயோடு நிற்பது அந்த மகள்தான். தன் பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வர முடியாது, நீ நிற்பாயா என்று கேட்டாள். மச்சாள் மறுபேச்சில்லாமல் சரி என்றாள்.

"ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"விசாக் காகிதத்திலை காட்டியிருக்கிற வேலை இதுதான். சிஞ்ஞோராவோடை முறிச்சுக்கொண்டு மலையேறி என்ன பிரயோசனம்?"

இப்படியான நேரத்தில் வேலையை ஓர் அரைநாளைக்குக் கைமாற்றிக் கொடுப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். இன்றைக்கு நீ என் வீட்டுக்குப் போ, அடுத்த கிழமை நான் உன் வீட்டுக்கு வருகிறேன். மச்சாள் ஒவ்வொருவராக எடுத்துக் கேட்டாள். எல்லோரும் பங்குக் கோயிலில் ஒரு பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்குப் போகிறார்கள். அவளோடு அறையைப் பகிர்ந்திருந்த மொரிசியஸ்காரிக்கு ஞாயிறும் ஹோட்டல் வேலை. கடைசியில் தொலைபேசியைக் குப்புற வைத்துவிட்டுக் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் நிக்கிறன்" என்றேன்.

"நீயோ? நீ ஊர் பாக்கவெல்லே வந்தனீ."

"ஊர் ஓடாது."

"உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமே?"

"அவ முட்டையே கேட்கப் போறா?"

யோசித்து ஒரு கணக்குப் போட்டாள். காலையில் சிஞ்ஞோராவைக் கைபிடித்து எழுப்பிக் குளிப்பாட்டுவதும் மருந்தும் சாப்பாடும் என்னால் ஆகாது, அது அவளுடைய பொறுப்பு. மதியம் சாப்பிட்டுச் சிஞ்ஞோரா கண்ணயர்ந்த பிறகு நான் பக்கத்தில் இருந்தால் போதும். அவள் மலையேறி, இறங்கும்போது பஸ் பிடித்து, என் கப்பலுக்கு முன் வந்துவிடலாம். சிஞ்ஞோராவின் மகளிடமும் கேட்டாள். உன் சொந்தக்காரிதானே, பரவாயில்லை என்று அவளும் சொன்னாள்.

ஞாயிறு காலையில் ஊர் பார்க்கலாம் என்றிருந்தேன். கண் விழித்தபோது கீழே சந்தைக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிஞ்ஞோராவின் வீட்டில் நாற்காலிகள் அதிகம், வெளிச்சம் குறைவு. மச்சாள் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டதும், தூங்குவார் என்று சொல்லப்பட்ட சிஞ்ஞோரா கண்ணைத் திறந்தார்.

"எங்கே போகிறாள்?"

மலைக்கு என்றேன். ஏன் என்று கேட்டார். வகுப்பில் படித்த இத்தாலிய மொழியில் விசாவை விளக்கினேன்.

"அந்தப் புனிதை கொள்ளைநோய் விரட்டினவள். விசாவுக்கு வக்கீலைத்தான் பிடிக்கவேணும்."

"வக்கீலையும் பிடித்திருக்கிறாள்."

"அப்போ சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பின் நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. பரீட்சைக் குறிப்புகளைத் திறந்ததும், முதல் பந்தியை மூன்று தரம் வாசித்ததும் ஞாபகம். விழித்தபோது என் மடியில் ஒரு கம்பளிச் சால்வை கிடந்தது. சிஞ்ஞோரா எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை விடுகிறாய் என்றார். யாரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை மச்சாளிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் பேசாமலே தீர்மானித்துக்கொண்டோம்.

மச்சாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். சப்பாத்து போட்டிருந்தாள். உடனே குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

"முடிஞ்சுதே?"

"இல்லை."

நேற்றைய மழையில் மேலே கல் உருண்டு, பாதிவழியில் பாதையை மறித்துக் கட்டியிருந்தார்களாம். பாதையில் ஏறிவந்த மற்றவர்கள் திரும்பிப்போய் பஸ் எடுத்தார்களாம்.

"நீயும் பஸ்ஸிலை போயிருக்கலாமே."

"பஸ்ஸிலை வாறனெண்டோ நேந்தனான்?"

"வாகன ரோட்டாலை நடந்து போறது?"

"போகலாம். சுத்து ரோட்டு. நான் வந்துசேர இருட்டியிருக்கும். சிஞ்ஞோராவை விட்டிட்டு நீ எப்பிடிக் கப்பலுக்குப் போறது? நாளைக்குச் சோதினையெல்லே."

"ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ ஓம் எண்டுவாய். யோசிக்காமல் ஓம் எண்டிறதுதானே உன்ரை படிப்பு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. அவள் தேத்தண்ணியை ஆற்றி ஒரு கோப்பையை என்னிடம் தள்ளினாள். "கால் வேறை நொந்திட்டுது" என்று சேர்த்துக்கொண்டாள். அது எனக்காகச் சொன்னதா, உண்மையா என்று கேட்கவில்லை.

விடைபெறும்போது, "வாற ஞாயிறு முதலாவது" என்றாள், சந்தையில் என்ன வாங்கவேண்டும் என்று சொல்கிற குரலில்.

சிஞ்ஞோராவைத் தனியே விட முடியாததால் துறைமுகத்துக்கு நான் தனியாகத்தான் நடந்தேன். கடற்கரையைப் பார்க்கவில்லை. எந்தத் தேவாலயத்தின் உள்ளேயும் போகவில்லை. கப்பலில் அதே நாற்காலி, அல்லது அதன் தம்பி. குறிப்புகளைத் திறந்தேன், மூடினேன். தொலைபேசியை எடுத்தேன். வருகிற வெள்ளிக்கிழமைக்கும் மலிவுக் கட்டணம் இருந்தது, நாற்காலி மட்டும். இந்தமுறை வாங்குமுன் கொஞ்சம் யோசித்தேன். என் பாதங்களைப் பற்றி.

பிறகு வாங்கினேன். பாதையைத் திறந்தால் அதிலே, திறக்காவிட்டால் விடியவே கிளம்பிச் சுற்று ரோட்டாலே, முதல் ஞாயிறை அவளோடு ஏறிப் பார்க்கப் போகிறேன். வெறுங்காலோடு எவ்வளவு தூரம் என்று தெரியாது. சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.