தையல் வகுப்பில் வாசித்தது

பால்பவுடரும் எலிப்புழுக்கையும் சாக்பீஸ் தூளும் கலந்த மணம்தான் நான் எழுத்துக் கற்ற இடத்தின் மணம். பெரம்பலூரிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த எங்கள் பள்ளியில், மதிய உணவுக்கான ரவை மூட்டைகளையும் கிழிந்த தேசப்படங்களையும் போட்டுவைத்திருந்த அறைக்கு "சாமான் ரூம்" என்று பெயர். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில், தினமும் மூன்று மணிக்கு நானும் மேரி அக்காவும் அதற்குள் போய் உட்காருவோம்.

இரண்டாம் வகுப்பில் டைபாய்டு வந்து பாதி வருடம் படுத்துக் கிடந்ததில் எழுத்துகள் என்னிடம் சேராமலே போய்விட்டன. காது மட்டும் கூர்மை. அறுபது பேர் உரக்கப் படிக்கிற வகுப்பில் அது போதும். கேட்டதை அப்படியே "நெட்டுரு" போட்டு, புத்தகத்தைக் கையில் பிடித்து ஒப்பித்து மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், என் கையிலிருந்த புத்தகத்தில் இரண்டு தாள்களைப் புரட்டிவிட, நான் பழைய பக்கத்தையே தொடர்ந்து ஒப்பித்தேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

செய்தி அப்பாவுக்குப் போனது. "வெங்காயம் நட ஆளு பத்தல சார். படிப்பு ஏறாத புள்ளைய இங்க ஒக்கார வச்சு என்னா ஆவப் போவுது?" என்று பள்ளிக்கே வந்து நின்றார். பெரிய சார் கெஞ்சிய பிறகு, "சரிங்க, பரீட்சை வரைக்கும் பாக்கறேன்" என்று போனார்.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று எந்த விதியிலும் கிடையாது என்பதை, பின்னாளில் கல்வி அலுவலகத்தில் அந்த விதிகளோடே வாழ்ந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். பெரிய சாருக்கும் அது தெரியும். ஆனால் தையல் ஆசிரியை இடம் காலியாக இருந்தது. காலியிடத்தில் தற்காலிகமாக ஆள் வைத்துக்கொள்ள விதி இருந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த ஏலாக்குறிச்சி மேரி அக்கா, பெற்றோர் கூட்டத் தீர்மானத்தின்படி எங்கள் தையல் ஆசிரியை ஆனார்.

"சார், எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்களே."

"அதெல்லாம் ரிஜிஸ்டர்ல நான் கோத்துக்கறேன். நீ அந்தப் புள்ளைய படிக்க வையிம்மா."

பதிவேட்டில் நாற்பது பெண்கள் தினமும் தைத்தார்கள். சாமான் ரூமில் நான் ஒருத்தி வாசித்தேன். அக்கா ஒரு பழைய அட்டையில் சின்னச் சன்னல் வெட்டி, ஒரு நேரத்தில் ஒரே எழுத்து தெரியும்படி வரியின் மேல் நகர்த்துவார். அடுத்த எழுத்து தெரியாததால் காதில் இருந்ததை எடுத்துவிட எனக்கு வழியில்லை. நான் ஊகித்துச் சொன்னால், "இது ஓன் வாயிலேருந்து வருது செல்வி. பொஸ்தகத்துல என்ன இருக்குன்னு பாரு" என்பார். அறுபது பேர் முன்னால் ஒருமுறைகூட வராத அழுகை, அந்த அறையில் பலமுறை வந்தது. யாரும் பார்க்காத இடத்தில்தான் தப்புச் செய்யவே முடிகிறது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் பள்ளி ஆய்வாளர் வந்தார். பதிவேட்டைப் பார்த்து நேரே சாமான் ரூமுக்கு வந்தார். பின்னாலேயே பெரிய சார்.

"மத்த முப்பத்தொம்பது பேரு எங்கம்மா?"

அக்கா சன்னல் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். ஆய்வாளர் என்னிடம் திரும்பினார். "இவங்க ஒனக்கு என்ன சொல்லித் தராங்க?"

"தையல் சார்." அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"தச்சதக் காட்டு."

காட்ட என்னிடம் புத்தகம்தான் இருந்தது. பயத்தில் அதைத் திறந்தேன். அது நாங்கள் இன்னும் தொடாத பாடம், அட்டை அக்காவின் மடியில். முதல் வரியை எழுத்தெழுத்தாகத் தடவினேன். நடுவில் நின்றுவிட்டேன். பெரிய சார் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தபோது ஆய்வாளர் கையைத் தூக்கி அவரைத் தடுத்து, ஒரு ரவை மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் அவசரப்படவில்லை. நான் அந்த வரியை முடித்தேன்.

"வருசம் பூரா இதத்தான் தச்சீங்களா?"

"ஆமாங்க சார்," என்றார் அக்கா.

தையல் வகுப்பு முறைகேடானது, ஆண்டிறுதியோடு நிறுத்தப்பட வேண்டும், அதுவரை தொடரலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அந்த "அதுவரை" எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் தேறினேன், வெங்காயம் நடப் போகவில்லை. அக்காவுக்குப் போதவில்லை. ஏப்ரலில் ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். பிறகு நான் பார்க்கவில்லை.

சென்ற வாரம் ஜெயங்கொண்டத்துப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தலைமையாசிரியை தொலைபேசியில் கேட்டார்: "மேடம், பின்தங்கின பிள்ளைங்களுக்குத் தனித்தனியா டியூட்டர் போடலாம்னு இருக்கோம். எப்படிங்க செய்யணும்?" மேலாண்மைக் குழுத் தீர்மானம், அறிவிப்பு, சான்றிதழ் சரிபார்ப்பு, காவல்துறைச் சான்று, குழுவின் முன் ஒரு மாதிரிப் பாடம், நேரமும் பிள்ளையின் பெயரும் குறித்த ஆணை, பெற்றோர் ஒப்புதல், கதவு திறந்திருக்கும் அறை, வாராவாரம் ஒரு பதிவு என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் நல்ல நடைமுறைகள். யாரும் இனி தையல் வகுப்பென்று பொய்ப்பதிவு எழுத வேண்டியதில்லை.

கடைசியாக, "ஆய்வுக்கு வர்றவங்களுக்கு அந்த ரூம்ல ஒரு நாற்காலி போட்டு வைங்கம்மா. பிள்ளை ஒரு வரி வாசிச்சு முடிக்கட்டும்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அவங்க எங்கங்க மேடம் உக்காருறாங்க? வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுக் கெளம்பிடுவாங்க."