லிஃப்ட்காரரின் முழங்கால்

பத்து மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர் அவர். "ஊரையே மேல ஏத்திவிட்டாச்சு, நான்தான் இன்னும் கீழேயே கெடக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். உட்கார்ந்தே பார்க்கலாம் என்றுதான் அந்த வேலையைத் தேடிப் பிடித்தார். பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத உடம்பு. லேசாக இடித்துக்கொண்டால்கூட மூட்டுக்குள் கசியும். பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படிக் கசிந்து கசிந்தே வலது முழங்கால் உருக்குலைந்துவிட்டது.

ஆபரேஷன் செய்து முழங்கால் மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். ரத்தம் உறைய ஊசி போட்டுக்கொண்டே செய்யலாம், ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாதாம். "செஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. நீங்கதான் முடிவு பண்ணணும்." அதுதான் மனுஷனை அரித்தது. கட்டாயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடலாம்.

மனைவி ஒரே பிடியாக நின்றாள். அவருடைய அண்ணனுக்கும் இதே நோய்தான். பல் பிடுங்கப் போனவர், ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. கால் எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். நீங்க இருந்தாப் போதும் எனக்கு."

அவருக்கும் பயம்தான். மறுபடி மனைவியோடு போனபோது, வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். வலிக்கிறது என்றால் அம்மா பள்ளிக்கூடம் அனுப்பமாட்டாள் என்று சின்ன வயதிலேயே பழகிய பொய் ஒன்று அவரிடம் உண்டு. இந்த நோயோடு வளர்ந்தவர்களுக்கு வலியை மறைப்பது கைவந்த கலை.

"பரவாயில்ல டாக்டர். சமாளிச்சுக்கிறேன்."

"அப்ப தள்ளிப் போடலாம்."

மனைவி நினைத்தது நடந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் எழவில்லை.

"பொய் சொல்றாரு டாக்டர். நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு, காலையில பாத்ரூமுக்குத் தவழ்ந்துதான் போறாரு."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "நீதானே வேண்டாம்னே?" என்றார் மெதுவாக.

"இப்பவும் வேண்டாம்னுதான் இருக்கு." அவள் குரல் உடைந்தது. "ஆனா சத்தம் கேக்கக் கூடாதுன்னு துண்டை வாயில கடிச்சுக்கிட்டுப் போறீங்களே. அதைப் பார்த்துட்டு எத்தனை நாளைக்குத் தூங்குற மாதிரி படுத்துக் கெடப்பேன்?"

வலியை அவளுக்குத் தெரியாமல் மறைத்து வருவதாக இத்தனை காலம் நினைத்திருந்தார், பாவம். டாக்டர் பக்கம் திரும்பினார்.

"தேதி குடுங்க டாக்டர்."

மனைவி அழுதாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.