துரோகத்துக்கு முன்னால் ஒரு தேசம்

எங்கள் பக்கம் துரோகம் என்ற சொல் ரொம்ப மலிவு. பெண் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றிப் பேசினால் துரோகம். முறை தவறி வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினால் துரோகம். கல்யாணப் பந்தியில் கடைசி ஆளுக்குப் பாயசம் தீர்ந்துபோனால்கூட அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார்கள். இருபது வருடமாகப் பத்திரங்களையும் மனுக்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிப் பிழைக்கிறவள் நான். எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை ஒரு இடத்தில் உட்காரவிடாமல் அடிக்கிறது.

என் அலுவலகம் கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கணபதி ஏரியாவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒருநாள் காலை அங்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். ஹோட்டல்களில் மாவாட்டுகிற பெரிய கிரைண்டருக்குப் பாகங்கள் செய்கிறவர். மாவை வழிக்க டிரம்மைச் சாய்க்கும்போது அது நழுவிக் கையை நசுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கியை அவரே இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியிருந்தார். அவர்களுடைய உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, சங்கத்தின் பெயரைச் சொல்லி அந்தக் கொக்கியின் வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அந்த நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜென்டாக வந்தார். சில மாதத்தில் அந்தக் கம்பெனியின் கிரைண்டர் இங்கே கடைகளில் இறங்கியது. அதில் அதே கொக்கி இருந்தது.

"நஷ்டஈடெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார். "அது என்ற டிசைனுன்னு சங்கத்துல எல்லாரு முன்னாடியும் அவரு ஒரு வார்த்தை சொல்லோணும். அத்தனைதானுங்க. கேட்டா, நீ பொய் பேசறேங்கறாரு. என்ற ஊட்டுல உக்காந்து சோறு தின்ன மனுசன். துரோகம் பண்ணிப்போட்டாருங்க."

டெல்லியில் மத்திய அரசுக்கு அனுப்ப ஒரு மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தலைவர் அந்நிய நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்துகொண்டு துரோகம் செய்துவிட்டார் என்று அதில் ஒரு வரி. "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. நல்லா உறைக்கிற மாதிரி போட்டுக் குடுங்க. சப்புன்னு இருந்தா குப்பையில போட்டுருவாங்க," என்றார்.

அந்த வாரம் எந்த டிவியைத் திருப்பினாலும் ஒரே கூச்சல். எங்கோ ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டோடு திரைமறைவில் பேரம் பேசினாராம். அது சட்டப்படி தேசத்துரோகம் ஆகுமா ஆகாதா என்று நாலு பேர் ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் விரலிலும் அந்தச் சொல் ஏறி நின்றிருக்க வேண்டும். துரோகத்துக்கு நேராக பிட்ரேயல் என்று போட்டால் காதல் தோல்வி மாதிரி இருந்தது. தேசத்துரோகத்துக்குச் சொல்கிற ட்ரீசன் என்று அடித்தேன். படித்துப் பார்த்தபோது கனமாக, கெட்டிக்காரத்தனமாக இருந்தது. மொழிபெயர்ப்பு சரியானது என்று என் சீலும் குத்திக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்னே பேசினார். மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் முதலில் தலைவர் வீட்டுக்கும் பிறகு இவர் பட்டறைக்கும் போயிருக்கிறார்கள்.

"ஏனுங்க, அவரு நாட்டையே வித்துப்போட்டாருன்னு நான் எழுதியிருக்கறனாம்ங்க. நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

என் தப்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "விசாரிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எதிர்க்கட்டிடத்து மாடியில் ஒரு சீனியர் வக்கீல் இருக்கிறார். நேராக அவரிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"நம்ம சட்டத்துல ட்ரீசன்னு பேர் வெச்சு ஒரு குற்றமே கெடையாதும்மா. அரசாங்கத்துக்கு எதிராப் போர் தொடுக்கோணும். இல்லாட்டி நாட்டைத் துண்டாடப் பார்க்கோணும், ராணுவ ரகசியத்தக் குடுக்கோணும். கிரைண்டர் கொக்கியெல்லாம் எந்த ராணுவத்துல இருக்குது?"

"அப்ப அவர் செஞ்சது?"

"அது நம்பிக்கை மோசடி ஆகுமான்னு வேணா பார்க்கலாம். டிசைனைப் பதிவு பண்ணியிருக்கறாரா?"

பண்ணவில்லை. "அப்ப அந்த மனு ஒண்ணுதான் அவருக்கு இருந்த வழி," என்றார். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஊட்டைக் கொளுத்துன கதையாப் போச்சு. சீக்கிரம் உன்ற தப்புன்னு எழுதி அனுப்பு."

எழுதினேன். மூலத்தில் இருப்பது துரோகம் என்ற சொல்தான், நாட்டைப் பற்றிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை, பிழை என்னுடையது. அவ்வளவுதான், நாலு வரி. அதை மேசை டிராயரில் வைத்தேன். கோர்ட் வட்டாரத்தில் விஷயம் பரவினால் என் சீலுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள் என்ற பயம். திங்கட்கிழமை அனுப்பலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்ததும் வியாழக்கிழமை அனுப்பலாம் என்று ஆயிற்று. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு ஆர்.எஸ்.புரம் வரை போய்த் திரும்பினேன். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் டிராயரைத் தள்ளி மூடுவேன்.

அப்படி மூடிய ஒருநாள் படியேறி வந்தவர் சங்கத் தலைவர். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நல்லா இருக்கறீங்களா அம்மணி? போலீசு காட்டுன அந்த மனுவுல உங்க சீலுதானுங்க இருந்துச்சு. அதான் இதையும் உங்ககிட்டயே குடுக்கலாம்னு வந்தேன்."

டெல்லியிலிருந்து அவருக்கு வந்த கடிதம். ட்ரீசன் குற்றத்துக்கு முகாந்திரம் ஏதுமில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழுவாம். உறுப்பினர் எல்லோருக்கும் கொடுக்கத் தமிழில் வேண்டுமாம். தேசத்துரோகம் செய்ததற்கு முகாந்திரம் இல்லை என்று தட்டி, பிரின்ட் எடுத்து நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "தேசம் எதுக்குங்க இதுல? அவரு தமிழ்ல எழுதுனது வெறும் துரோகம்தானுங்களே. அப்பப் பதிலும் துரோகம் இல்லைன்னுதான வரோணும்?"

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. "ட்ரீசன்னு போட்டது என் தப்புங்க. அவர் சொன்னது வேற. அதை டெல்லியில யாரும் விசாரிக்கவே இல்லை," என்றேன்.

"தப்புன்னு ஏனுங்க சொல்றீங்க? நல்லதாத்தானுங்களே போச்சு. நீங்க சின்ன வார்த்தையாப் போட்டிருந்தீங்கன்னா நானு இந்நேரம் பதில் சொல்லீட்டு இருந்திருப்பனுங்க." அவர் குரலில் கிண்டலே இல்லை. நன்றி சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"தேசத்தை எடுத்தா நான் சீல் வைக்கமாட்டேங்க."

"சீலெல்லாம் எதுக்குங்க," என்று என் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தார். தேசத் என்ற மூன்று எழுத்தையும் கோடு போட்டு அடித்தார். அடியில் எழுத்து தெரியாத அளவுக்கு இன்னொரு தடவையும் அடித்தார். கும்பிட்டுவிட்டுக் கீழே போனார். ஜெராக்ஸ் மெஷின் ரொம்ப நேரம் ஓடியது.

அன்று சாயங்காலமே டிராயரிலிருந்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முடித்துவைத்த மனுவின்மேல் வந்த கடிதத்தை யார் பிரிக்கப் போகிறார்கள்? அது தெரிந்துதான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைக்காரர் போன் செய்தார். பொதுக்குழு முடிந்துவிட்டதாம்.

"நோட்டீசு குடுத்தாங்க. துரோகம் இல்லைன்னு டெல்லியே சொல்லிருச்சுன்னாங்க. என்னைய எந்திரிச்சு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. கேட்டுப்போட்டனுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். நான் எழுதுனதத்தானுங்களே நீங்க இங்கிலீசுல போட்டீங்க?"

"இல்லைங்க. வேற போட்டுட்டேன். தப்பு என்னுதுங்க," என்றேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. போனுக்குள் பஸ் போகிற சத்தம் கேட்டது. "இங்கிலீசு தெரியாதுன்னுதானுங்க உங்ககிட்ட வந்தேன்," என்றார். பிறகு, எப்போதும்போல மரியாதையாக, "வெச்சுப்போடறனுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.